28 அறை மாத்திரை டப்பா: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

இதே டப்பாவுக்கு முன்பு ஐந்து நட்சத்திரம் கொடுத்து, "அருமையான தயாரிப்பு, அப்பா இப்போது வேளை தவறாமல் மாத்திரை போடுகிறார்" என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். அதை எடுத்துவிட்டேன். அந்த இரண்டாவது பாதி பொய் என்று பிறகுதான் தெரிந்தது. பொய் சொன்னது டப்பா இல்லை. அதனால் நிதானமாக மறுபடி எழுதுகிறேன்.

வாங்கியது போன ஆவணியில், 349 ரூபாய்க்கு. இதே டப்பாவைப் பத்துப் பேர் பத்துப் பெயரில் விற்கிறார்கள், எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுதான், அதனால் கம்பெனி பெயர் சொல்லிப் பயனில்லை. நாளுக்கு ஒன்றாக ஏழு பட்டைகள், பட்டைக்கு நான்கு அறைகள். ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு நிறம். தட்டிலிருந்து பட்டையைத் தனியாகக் கழற்றி எடுக்கலாம். அப்பா பார்த்ததும் கேட்டது: "என்ன பாப்பா, பல்லாங்குழி வாங்கிட்டு வந்திருக்கே?"

முதல் குறையை அப்போதே சொல்லிவிடுகிறேன். மூடிகளில் நாளின் பெயருக்கு ஆங்கில முதலெழுத்து மட்டும்தான் இருக்கிறது. எஸ் இரண்டு, டி இரண்டு. எந்த டி செவ்வாய், எந்த டி வியாழன் என்று எனக்கே எண்ணிப் பார்த்தால்தான் தெரிகிறது. வேளைக்கு மார்ன், நூன், ஈவ், பெட் என்று போட்டிருக்கிறார்கள். "பெட்டுல படுத்துக்கிட்டே முழுங்கணுமா?" என்றார் அப்பா. பள்ளி நோட்டுக்கு ஒட்டும் வெள்ளை லேபிளைச் சின்னதாக வெட்டி ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று எழுதி ஒட்டினேன். வாங்குகிறவர்கள் ஒரு பாக்கெட் லேபிளும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏன் வாங்கினேன் என்று சொல்லாமல் இந்த டப்பாவைப் பற்றிப் பேச முடியாது.

அப்பாவுக்கு 74 வயது, அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரத்தக்கொதிப்பு 22 வருஷமாக இருக்கிறது. அம்மா இருந்தவரை அவருக்குத் தன் மாத்திரையின் பெயர்கூடத் தெரியாது. காலையில் டிகாக்‌ஷன் இறங்கும் நேரத்தில் ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு, மறு கையில் மாத்திரை என்று அம்மா வந்து நிற்பார். அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டுவார். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார். அவ்வளவுதான் அவர் பார்த்த வைத்தியம். போன தை மாதம் அம்மா போய்விட்டார்.

வீடு லால்குடியில். நான் வேலை பார்ப்பது திருச்சியில். வரச் சொன்னால் வரமாட்டேன் என்கிறார். ஞாயிறுதோறும் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறிப் போய்விட்டு வருவேன். மற்ற நாளில் ராத்திரி போன். "மாத்திரை போட்டாச்சாப்பா?" "ஆச்சும்மா." அவர் கேள்விக்கு மேல் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசுகிற ஆள் கிடையாது, அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வைகாசியில் தலை கனக்கிறது என்றார். ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். பிரஷர் இறங்கவில்லை என்று, போட்டுக்கொண்டிருந்த அம்லோடிபின் 5-உடன் டெல்மிசார்டன் 40 சேர்த்தார்கள். அடுத்த முறையும் இறங்கவில்லை. பிரஷருக்கே இன்னொன்றாக, சிறுநீரை அதிகம் போக வைக்கும் ஒரு நீர் மாத்திரை, ராத்திரிக்குக் கொழுப்பு மாத்திரை, கேஸ் மாத்திரை. ஆக மொத்தம் நாளைக்கு ஐந்து. முதல் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

கண்டுபிடித்தது மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் தன்னார்வலர் பெண். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுப்பார்கள். எங்கள் தெருவுக்கு வருகிற பெண் மாத்திரையை வாசலில் நீட்டிவிட்டுப் போகிறவர் இல்லை. உள்ளே வந்து, போன மாத அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் புதிய அட்டையைக் கொடுப்பார். ஆடி மாதம் போன் செய்தார். "அக்கா, போன மாசம் கொடுத்த அட்டையைப் பிரிக்கவே இல்லை. பிரஷர் 176-க்கு 100 காட்டுது. ஐயாகிட்டே கேட்டா சிரிக்கிறார்."

மறதி என்று முடிவு செய்தேன். 74 வயது, தனியாக இருக்கிறார், ஐந்து மாத்திரை, வேறென்ன? இந்த டப்பாவின் விளம்பரத்திலும் "இனி மறதி இல்லை" என்றுதான் போட்டிருந்தது. வாங்கினேன்.

முதல் ஞாயிறு உட்கார்ந்து நிரப்பினேன். ஏழு நாள் மாத்திரையையும் பிரித்துப் போட எனக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. அடுத்த ஞாயிறு போனபோது புதன் முதல் சனி வரை அறைகள் போட்டது போட்டபடி இருந்தன. திட்டினேன். அதற்கடுத்த வாரம் எல்லா அறையும் காலி. அன்று ராத்திரிதான் அந்த ஐந்து நட்சத்திரம். நான்கு வாரம் இப்படிக் காலி டப்பாவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஆனால் தன்னார்வலர் வந்து பார்த்தபோது பிரஷர் 172-க்கு 98. ஐந்து மாத்திரை உள்ளே போய் நான்கே புள்ளிதானா இறங்கும்?

புரட்டாசியில் வீட்டுவரி ரசீதைத் தேடி பீரோவின் அடித்தட்டைக் குடைந்தேன். அப்பாவின் பழைய தோல்பை கிடைத்தது. கண்டக்டர் பையில் சில்லறைக்கென்று ஓர் அறை இருக்கும் அல்லவா, அது கனத்தது. திறந்தால் மாத்திரை. வெள்ளை, மஞ்சள், ரோஸ். நோட்டு வைக்கும் அறையில் ஒரு காலண்டர் தாள். பின்பக்கத்தில் தேதி போட்டு, எதிரே 5, 5, 5 என்று அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. வாரக் கடைசியில் கோடு கிழித்துக் கூட்டல்.

அப்பா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். "140 இருக்கும். சரியா இருக்கான்னு எண்ணிப் பாரு."

எண்ணினேன். 140.

"குப்பையில போட மனசு வரல பாப்பா. பாதி கவர்மென்ட் மாத்திரை."

"சரி, போட்டுக்கிட்டிருக்கலாமேப்பா."

"போட்டு?"

அந்த ஒரு சொல்லுக்கு என்னிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி 14416-க்கு அழைத்தேன். அது மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, கட்டணம் கிடையாது. தமிழில் பேசினார்கள். நான் பிரஷர் மாத்திரையைப் பற்றிக் கேட்கக் கேட்க, அந்தப் பக்கத்திலிருந்த பெண் அப்பா சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, யாரிடமாவது பேசுகிறாரா என்றே கேட்டுக்கொண்டிருந்தார். சீக்கிரம் மனநல மருத்துவரிடம் காட்டச் சொன்னார்.

அதற்குள் நான் ஒரு தவறு செய்தேன். இதைப் படிக்கிற யாரும் செய்ய வேண்டாம். லீவு போட்டு அங்கேயே தங்கி, மறுநாளிலிருந்து ஐந்து மாத்திரையையும் என் கண் முன்னாலேயே போட வைத்தேன். மூன்றாம் நாள் விடியற்காலை கட்டிலிலிருந்து எழுந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்துவிட்டார். அந்த ஐந்தில் மூன்று, போடாத ஆளின் பிரஷரைப் பார்த்துவிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிக் கொடுத்த பிரஷர் மாத்திரைகள். திடீரென்று மூன்றையும் சேர்த்துப் போட்டால் பிரஷர் தடாலென்று இறங்காமல் என்ன செய்யும்? இடுப்பு எலும்பு தப்பியது அம்மா புண்ணியம்.

அரசு மருத்துவமனையில் பார்த்த டாக்டர் முதலில் உட்கார வைத்துப் பிரஷர் எடுத்தார், பிறகு நிற்க வைத்து எடுத்தார். நிற்கும்போது நன்றாகக் குறைந்தது. டப்பாவையும் தோல்பையையும் நான் மேஜையில் வைத்தேன். காலண்டர் தாளை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாபகசக்தி என்னைவிட நல்லா இருக்கு உங்கப்பாவுக்கு" என்றார். மாவட்ட மனநலத் திட்டத்தில் வருகிற மனநல மருத்துவரிடம் அன்றைக்கே அனுப்பினார்.

அந்த டாக்டரம்மா என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அப்பாவிடம் இருபது நிமிஷம் பேசினார். இரண்டு வாரமாக எதிலாவது விருப்பம் இருக்கிறதா, விடியற்காலை எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டாராம். மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும் என்றிருக்கிறார் அப்பா. சாகணும்னு இல்லை, இருந்து என்ன ஆகப்போகுது என்றிருக்கிறார். பிறகு என்னைக் கூப்பிட்டு, பேப்பர் படிக்கிறாரா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூடத்து மூலையில் பேப்பர் அடுக்கி இருக்கும். ஒவ்வொன்றும் சுருட்டிய சுருளாக, பையன் போட்ட ரப்பர் பேண்டோடு. ஞாயிறுதோறும் அதைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போயிருக்கிறேன்.

அம்மா போனதற்கு அப்பா ஒருநாளும் அழவில்லை. தைரியமான ஆள் என்று சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வயதானவர்கள் மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள், அசதி, பசியில்லை, தூக்கமில்லை, தலை கனம் என்றுதான் வருவார்கள் என்றார் டாக்டர். வைகாசியில் அப்பா சொன்னதும் அதுதான்.

அவர் சொன்ன இன்னொன்று எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது. மனச்சோர்வு வந்தால் பிரஷர் மாத்திரை சுலபமாக நின்றுபோய்விடுமாம். வலி மாத்திரையை விட்டால் வலிக்கும், உடனே போட்டுவிடுவார்கள். பிரஷர் மாத்திரையை விட்டால் ஒன்றுமே தெரியாது. அதுவும் அம்லோடிபின் உடம்பில் ஒருநாளுக்கு மேல் தங்கி மெதுவாக வெளியேறுகிற மருந்து, ஒன்றிரண்டு நாள் விட்டாலும் எதுவும் புலப்படாது. "ரெண்டு நாள் விட்டுப் பார்த்தேன், ஒண்ணும் ஆகல" என்று அப்பாவே ஒப்புக்கொண்டார். அதோடு கணுக்கால் வீக்கம். அந்த மாத்திரைக்கு அப்படி வீங்குவது உண்டாம். மாத்திரைதான் வீங்க வைக்கிறது என்று அப்பா சந்தேகப்பட்டது சரிதான், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் 65 வயது தாண்டிய, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஆய்வு செய்தார்களாம். மனச்சோர்வு அறிகுறி இருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக மாத்திரையை விட்டிருந்தார்கள் என்று டாக்டர் சொன்னார். நியூ ஆர்லியன்ஸ் வரைக்கும் போக வேண்டாம் டாக்டர், லால்குடிக்கு வந்தால் போதும் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

சரி, டப்பாவுக்கு வருகிறேன்.

டாக்டர்கள் இருவரும் பேசி மாத்திரையைக் குறைத்தார்கள். நீர் மாத்திரையை நிறுத்தினார்கள். மனச்சோர்வு மாத்திரை சில வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடுமாம், நீர் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் குறையுமாம். அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டுத்தான் பாதி மாத்திரையில் தொடங்கினார்கள். கொஞ்ச நாள் கழித்து, உட்கார்ந்தும் நின்றும் பார்த்துவிட்டு, டெல்மிசார்டனும் அம்லோடிபினும் சேர்ந்த ஒரே மாத்திரையாக மாற்றினார்கள். கேஸ் மாத்திரை தேவையில்லை என்றார்கள். கொழுப்பு மாத்திரையையும் காலைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஆக, காலையில் மூன்று, அதோடு சரி. மத்தியானம், சாயங்காலம், ராத்திரி என்று இந்த டப்பாவில் 21 அறை சும்மா கிடக்கிறது. வாங்கும் முன் உங்கள் டாக்டரிடம் ஒரே வேளையாக ஆக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் 7 அறை டப்பா போதும், பாதி விலைக்குக் கிடைக்கிறது.

அடுத்தது ஈரம். ஐப்பசி மழையில் டெல்மிசார்டன் அறையைத் திறந்தால் மாத்திரை உப்பி, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. மருந்துக்கடைக்காரர் சிரித்தார். அது ஈரத்தை இழுக்கிற மாத்திரையாம், வாயில் போடும் நேரம்வரை அட்டையிலிருந்து பிரிக்கவே கூடாதாம். இந்த மூடிகள் டக்கென்று மூடுகின்றனவே தவிர, காற்றுப்புகாத மூடிகள் இல்லை. இப்போது அந்த மாத்திரையை மட்டும் அட்டையோடு கத்தரித்து, கூர் முனையை வட்டமாக நறுக்கி உள்ளே வைக்கிறேன். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகிப் பார்வை நன்றாக இருக்கிறது, அதனால் தைரியம். பார்வை மங்கியவர்களுக்கு இப்படி வைக்காதீர்கள், தாளோடு விழுங்கிவிட்டால் தொண்டையைக் கிழித்துவிடும். அவர்களுக்கு அட்டையின் பின்பக்கமே மார்க்கர் பேனாவால் கிழமை எழுதிக் கொடுத்துவிடலாம்.

மூடி இறுக்கம். நாற்பது வருஷம் டிக்கெட் கிழித்த கட்டைவிரல், அதற்கே நகம் வலிக்கிறது என்றார். ஒரு ரூபாய்க் காசால் நெம்பித் திறக்கிறார். ஆனால் தட்டைக் கீழே போட்டால் மட்டும் அத்தனை மூடியும் தாமாகத் திறந்துகொள்கின்றன, அது என்ன கணக்கோ.

அலாரம் அடிக்கிற டப்பா ஒன்றையும் நடுவில் வாங்கிப் பார்த்தேன். நாலாம் நாள் அப்பா பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டுக்கொண்டார். அதற்குத் தனி விமரிசனம் தேவையில்லை.

இனி நல்லது. இந்தப் பட்டைகள் தனியே கழன்று வருகின்றன என்றேனே, அதற்கு மட்டும் ஒன்றரை நட்சத்திரம். யாருடனாவது சேர்ந்து போட வழி இருக்கிறதா என்று மனநல டாக்டர் கேட்டார். இரண்டு தெரு தள்ளி டிரைவர் மாமா இருக்கிறார், அப்பாவோடு ஒரே ரூட்டில் பதினோரு வருஷம் ஓட்டியவர். அவருக்கும் பிரஷர். சொன்னதும் புரிந்துகொண்டார். இப்போது காலை ஆறரைக்கு அவர் வந்து வாசலில் நின்று குரல் கொடுப்பார். அப்பா அன்றைய பட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் டிரைவர் மாமா, "விசில் குடுய்யா, எடுத்துடலாம்" என்பார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார்கள். அப்புறம் டீ, அப்புறம் கடைப் பேப்பர். முதல் மூன்று வாரம் அப்பா வேண்டாவெறுப்பாகத்தான் போனார். மருந்து வேலை செய்ய நாலு முதல் ஆறு வாரம் ஆகும், நடுவில் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லாமல் இருந்திருந்தால் நானே நம்பிக்கை இழந்திருப்பேன். ஐந்தாவது வாரமோ என்னவோ, போனில், "டீக்கடையில பேப்பர் கிழிஞ்சு கிடக்கு, நம்ம வீட்டுப் பேப்பரை எடுத்துட்டுப் போறேன்" என்றார். கேட்ட கேள்விக்கு மேல் ஒரு முழு வாக்கியம்.

மார்கழியில் தன்னார்வலர் எடுத்த கணக்கு 138-க்கு 84. நிற்க வைத்துப் பார்த்தாலும் பெரிதாக இறங்கவில்லை.

இந்த டப்பாவை யாருக்குச் சொல்வேன்? நிஜமாகவே மறக்கிறவர்களுக்கு, பரவாயில்லாத சாமான். மறக்காமல் விடுகிறவர்களுக்கு இது ஒன்றும் செய்யாது. டப்பா காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், பிரஷரும் பாருங்கள், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். லேபிள் தமிழில் இல்லாததற்கு ஒன்றும், மூடிக்கு ஒன்றும் கழித்து மூன்று.

போன ஞாயிறு நிரப்பப் போனபோது வியாழன் அறையில் மூன்றும் அப்படியே இருந்தன. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் வாயைத் திறக்கும் முன் அப்பா காலண்டர் தாளை எடுத்து நீட்டினார். வியாழனுக்கு எதிரே "பாக்கி 3" என்று எழுதியிருந்தார்.

"அவன் பேத்திக்குக் காதுகுத்துன்னு கரூர் போயிட்டான். நான் பேப்பரைப் படிச்சுக்கிட்டே இருந்துட்டேன். நெசமாவே மறந்துட்டேன் பாப்பா."